வாசலைத் தாண்டிப் போகும் குப்பை

(நூற்றாண்டு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சுற்றாடல் உபகுழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



நூற்றாண்டுக் கூட்டத்தில் பேசுவதற்கு எத்தனையோ நல்ல விடயங்கள் இருக்க, நாங்கள் குப்பையைப் பற்றிப் பேச இருபது நிமிடம் கேட்டோம். செயற்குழுவில் முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு தலைவி, "சரி, ஆனால் சாப்பாட்டுக்கு முன்னமே முடித்துவிடுங்கோ" என்று அனுமதி தந்தார். அந்த நிபந்தனையைக் காப்பாற்றுவோம். முடிவில் உங்கள் முன் ஒரு தீர்மானத்தை வைக்கப் போகிறோம். அது பணம் சம்பந்தப்பட்டது. ஆகவே கொஞ்சம் கவனமாகக் கேட்கும்படி வேண்டுகிறோம்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் இரண்டு திசைகளிலிருந்து வந்தார்கள். ஒரு திசை கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, விவேகானந்தா மேடு. மறு திசை வெள்ளவத்தை, காலி வீதியின் இருபுறத்து ஒழுங்கைகள். கொழும்பின் குப்பைக் கதையும் இந்த இரண்டு திசைகளிலுமே நடக்கிறது.

கொட்டாஞ்சேனையில் இருந்து தொடங்குவோம். புளூமெண்டால் என்ற பெயர் ஒல்லாந்தர் விட்டுப் போனது. அவர்களுடைய மொழியில் அதற்குப் பூக்களின் பள்ளத்தாக்கு என்று பொருள். அந்தப் பள்ளத்தாக்கில் மாநகரத்தின் குப்பை ஆண்டாண்டு காலமாகக் கொட்டப்பட்டு, பள்ளம் மேடாகி, மேடு மலையாகியது. அந்தப் பக்கத்தில் வளர்ந்த எங்கள் தோழிகளுக்கு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பார்த்துத்தான் அவர்கள் வீட்டில் யன்னல் திறப்பார்கள். 2009இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அங்கே கொட்டுவது நின்றது. நகரத்தின் குப்பை நின்றுவிடவில்லை. அது கொலன்னாவைப் பக்கம், மீதொட்டமுல்லவுக்குத் திரும்பியது.

மீதொட்டமுல்லவில் என்ன நடந்தது என்பதை வெளிநாட்டில் இருந்தவர்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2017 ஏப்ரல் 14. அன்று சித்திரைப் புத்தாண்டு. அதே நாளில் பெரிய வெள்ளியும் வந்திருந்தது. ஆகவே சைவ வீடுகளிலும் சிங்கள வீடுகளிலும் பலகாரத் தட்டு, கிறிஸ்தவ வீடுகளில் நோன்பு. பிற்பகலில், சுமார் 300 அடி உயரத்துக்கு எழுந்திருந்த குப்பை மலை சரிந்து அடிவாரத்து வீடுகள்மீது விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. குறைந்தது 32 பேர் இறந்தார்கள். சிலர் மீட்கப்படவே இல்லை. பண்டிகை நாள் என்பதால் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாக வீதியில் இறங்கி, இந்த மலையை அகற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்கள். அப்போது நாளொன்றுக்குச் சுமார் 800 தொன் குப்பை அங்கே போய்க்கொண்டிருந்ததாகச் செய்திகள் சொல்லின. அதில் கொட்டாஞ்சேனைக் குப்பையும் இருந்தது, வெள்ளவத்தைக் குப்பையும் இருந்தது.

அதற்குப் பிறகு சில வாரங்கள் நகரத்தில் குப்பையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாத நிலை. ஒழுங்கை முடக்குகளில் பைகள் குவிந்தன. குப்பை அகற்றுவதை அத்தியாவசிய சேவையாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டி வந்தது. அதே 2017தான் இலங்கை கண்ட மிக மோசமான டெங்கு ஆண்டு. நாடு முழுவதும் 186,000க்கும் அதிகமானோர் நோயுற்றார்கள், 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குப்பை ஒன்றே டெங்குக்குக் காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்த ஆண்டு மழையும் இருந்தது, வைரஸின் வகையும் மாறியிருந்தது. ஆனால் தெருவோரம் கிடக்கும் யோகட் கோப்பையும் சிரட்டையும் நுளம்புக்குத் தொட்டில் என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை.

பிறகு புத்தளம். அருவக்காட்டில், சுண்ணாம்புக்கல் தோண்டி எடுத்த குழிகளில் கொழும்புக் குப்பையைப் புதைக்கும் திட்டம் வந்தது. சுமார் 170 கிலோமீற்றர் தூரம். புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். ஆனாலும் 2019 ஓகஸ்டில் லொறிகள் போகத் தொடங்கின. ஒக்டோபரில் அங்கே வாயு சேர்ந்து வெடிப்பும் நடந்தது. வரிசையைக் கவனியுங்கள். புளூமெண்டால், மீதொட்டமுல்ல, அருவக்காடு. ஊரில் இதற்கு ஒரு பேச்சு உண்டு, வேலிக்கு மேலால் எறிகிறது என்று. வேலி மட்டும் தூரத் தூரப் போய்க்கொண்டிருக்கிறது. எப்போதும் அது குரல் எடுபடாத மனிதர் வாழும் இடமாகவே இருக்கிறது.

2021 பெப்ரவரியில் கெரவலப்பிட்டியவில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. எயிட்கன் ஸ்பென்ஸ் குழுமத்தினுடையது, 10 மெகாவாற். நாளுக்கு அறுநூறு, எழுநூறு தொன் அளவில் எரிக்கக்கூடியது. நல்ல காரியம்தான், கொழும்பு மூச்சுவிட்டது. ஆனால் எங்கள் நாட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. தேங்காய்ப்பூச் சக்கை, வாழைப்பழத் தோல், மிஞ்சிய சோறு, மீன் கழுவிய தண்ணீர். நனைந்த விறகில் அடுப்பு மூட்டிப் பார்த்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் புரியும். உக்கும் கழிவை முதலே பிரித்து எடுத்துவிட்டால் எரிப்பதும் சுலபம், மீள் சுழற்சிக்குப் போகும் பொருளும் அழுகல் படாமல் மிஞ்சும். எல்லாம் பிரிப்பதில்தான் வந்து நிற்கிறது.

கனடாவிலிருந்து வந்த அக்காமார் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ரொறன்ரோவில் பச்சை வாளித் திட்டம் 2002இல் எற்றோபிக்கோவில் தொடங்கியது. இன்று ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் கறி வேப்பிலைக் காம்பைக்கூடத் தவறாமல் அதில் போடுகிறார்கள். அதே ஆட்கள் விடுமுறைக்கு வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு வந்து இறங்கினால் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் கீழே அனுப்புகிறார்கள் என்று காவலாளி ஒருவர் எங்களிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இனிக் கடைகளுக்கு வருவோம். கடந்த மூன்று மாதங்களாக உபகுழுவினர் இருவர் இருவராகச் சேர்ந்து கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடை கடையாக ஏறி இறங்கினோம். பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை, புடைவைக் கடை, அச்சகம். சில கடை முதலாளிமார் எங்கள் பழைய மாணவிகளே, அல்லது அவர்களுடைய வீட்டுக்காரர். ஆகவே தேத்தண்ணீரும் கிடைத்தது, உண்மையும் கிடைத்தது.

நாங்கள் கண்டது இதுதான். விலை உள்ள பொருளுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. காட்போட் பெட்டியைப் பலசரக்குக் கடைக்காரர் ஒருபோதும் தெருவில் எறிய மாட்டார். மடித்துக் கட்டி வைப்பார், கிலோக் கணக்கில் வாங்க ஆள் வரும். சிரட்டைக்கும் ஆள் உண்டு. சிரட்டைக் கரியிலிருந்து உயிர்ப்பூட்டிய கரி செய்து உலகம் முழுவதற்கும் அனுப்பும் தொழில் எங்கள் நாட்டில் 1970களிலிருந்து வளர்ந்த ஒன்று. ஹேகார்ப் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடைந்த கண்ணாடி ஹொரணைத் தொழிற்சாலையின் உலைக்குத் திரும்பிப் போகலாம். சாப்பாட்டுக் கடை மிச்சத்தைப் பன்றிப் பண்ணைக்காரர் எடுக்கிறார். சைவக் கடை முதலாளி ஒருவர், "எங்கட சோறு அங்க போகிறது சரியோ தெரியாது, ஆனால் குப்பைக்குப் போகிறதிலும் பார்க்க நல்லதுதானே" என்றார். இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி உபகுழுவுக்கு இல்லை என்று தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தோம்.

பிரச்சினை விலை இல்லாத பொருளில். மெல்லிய பொலித்தீன், சோற்றுப் பார்சல் சுற்றும் தாள், சாசே பைக்கற். இவற்றை யாரும் கிலோவுக்கு வாங்குவதில்லை. காலி வீதி வடிகாலில் விழுந்து, வெள்ளவத்தை வாய்க்காலுக்குப் போய், றெயில் பாதைக்கு அப்பால் கடலில் மிதப்பது இவைதான். தெஹிவளை வாய்க்காலில் 2020இல் மாஸ் நிறுவனம் அரச அமைப்புகளுடன் சேர்ந்து மிதக்கும் தடுப்பு ஒன்றைப் போட்டது. கடலுக்குப் போக இருந்த குப்பையை அது மறித்துப் பிடிக்கிறது. ஆனால் வாய்க்கால் வாயில் பிடிப்பது கடைசி இடத்தில் பிடிப்பது.

விலை இல்லாத இந்தப் பொருளுக்குத்தான் சட்டம் வேண்டியிருக்கிறது. மீதொட்டமுல்லவுக்குப் பிறகு, 2017 செப்டெம்பரில், 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீன், லஞ்சீற், றெஜிபோம் பெட்டி எல்லாம் தடைசெய்யப்பட்டன. 2021 மார்ச் இறுதியில் சிறிய சாசே பைக்கற்றுகள். 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவிக்கும் ஸ்ட்ரோ, கரண்டி, கோப்பை, பிளாஸ்டிக் பூமாலை, அத்தோடு பிளாஸ்டிக் இடியாப்பத் தட்டும். இடியாப்பத் தட்டு வர்த்தமானியில் ஏறியதைக் கேட்டு எங்கள் அம்மாமார் பிரம்புத் தட்டைத் தூசு தட்டி எடுத்தார்கள். 2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து கைபிடி உள்ள பொலித்தீன் பையைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கக் கூடாது; விலை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இதுவரை வந்த ஒழுங்குகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். தடை என்றால் பரிசோதகர் வரும் நாளில் மட்டும் ஒளித்து வைப்பார்கள். விலை என்றால் வாங்குபவரே, "பை வேண்டாம், என்னிடம் இருக்கு" என்கிறார். புடைவைக் கடையில் நின்று கொஞ்ச நேரம் இதைப் பார்த்தோம். ஐயாயிரம் ரூபாய்க்குச் சேலை வாங்கியவர் பைக்கு உள்ள சில்லறைக்காகக் கைப்பைக்குள் சேலையை மடித்து வைத்தார். மனித மனம் அப்படித்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

உண்மையில் இது எங்களுக்குப் புதிது அல்ல. மூத்த அக்காமாருக்கு ஞாபகம் இருக்கும், நெக்டோ, ஒரேஞ் பார்லி, ஜிஞ்சர் பியர் எல்லாம் கண்ணாடிப் போத்தலில் வந்த காலம். போத்தலுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும், வெறும் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் காசு திரும்பும். அந்தக் காசுக்காகத் தம்பிமார் சண்டை பிடிப்பார்கள். தெருவில் ஒரு போத்தல் கிடக்காது. ஜேர்மனியில் 2003இல் ஒருமுறை பாவிக்கும் போத்தல்களுக்கு இதே முறையைச் சட்டமாக்கினார்கள். இன்று ஒரு பிளாஸ்டிக் போத்தலுக்கு 25 சதம் கட்டி, கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டுத் திரும்ப எடுக்கிறார்கள். எங்கள் கொட்டாஞ்சேனைக் கடை முதலாளிமார் இயந்திரம் இல்லாமலே செய்த வேலை அது. போத்தல், பழைய பேப்பர் என்று கூவிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். மீள் சுழற்சி என்ற சொல் பாடப்புத்தகத்தில் வருவதற்கு முன்னமே அவர் தராசுடன் வாசலில் நின்றார்.

பிளாஸ்டிக் போத்தலுக்கும் இப்போது வழி உண்டு. அதை உருக்கி நூலாக இழுக்கும் ஆலை ஹொரணையில் இயங்குகிறது. 2019 உலகக் கிண்ணப் போட்டியில் எங்கள் கிரிக்கெட் வீரர்கள் அணிந்த மேலாடை கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கில் இருந்து செய்யப்பட்டது. ஜோன் கீல்ஸ் குழுமம் 2017இல் தொடங்கிய பிளாஸ்டிக்சைக்கிள் திட்டத்தின் சேகரிப்புத் தொட்டிகளைப் பல இடங்களில் பார்க்கலாம். ஆலை காத்திருக்கிறது, சுத்தமான போத்தல்தான் போதியளவு வந்து சேருவதில்லை. மீன் தண்ணீருடன் ஒரே பையில் கிடந்த போத்தலை யார் கழுவுவது?

கடதாசியைப் பற்றி ஒரு சொல். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதை ஒரு விநோதச் செய்தியாகப் போட்டன. எங்கள் பிள்ளைகளுக்கு அது விநோதம் அல்ல. அதே நேரம் இந்தப் பாடசாலைக் களஞ்சியத்தில் பழைய விடைத்தாள்களும் கொப்பிகளும் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. எங்கள் உபகுழு பிறந்தது அந்தக் களஞ்சியத்தில்தான். இன்று மாதத்தின் முதல் சனிக்கிழமை மண்டபத்தின் பின்வாசலில் கடதாசி சேகரிக்கிறோம். விற்ற காசு புலமைப்பரிசில் நிதிக்குப் போகிறது.

இனிச் சொல்லப்போவது மேடையில் அதிகம் பேசப்படாத விடயம். இந்த நகரத்தின் தெருவை யார் கூட்டினார்கள்? ஆங்கிலேயர் காலத்தில் கொழும்பு மாநகர சபையின் துப்புரவு வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்கள். மலையகத் தோட்டங்களைப் போலவே இங்கேயும் வரிசை அறைகள். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரோடு இவர்களில் பலரையும் நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், யார் போவது யார் இருப்பது என்ற கணக்கு. மிஞ்சியிருந்த குடியுரிமைக் கோரிக்கைகள் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாங்கள் கூட்டும் நகரத்தில் வாக்கு இல்லாமல் ஒரு தலைமுறை விடியற்காலையில் விளக்குமாற்றைத் தூக்கியது. சாதியின் பெயரால் எங்கள் சமூகமே அவர்களைத் தள்ளி வைத்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

அவர்களுடைய பெண்பிள்ளைகள் எங்கள் வகுப்பறைகளில் இருந்தார்கள். பழைய சேர்வு இடாப்புகளை நூற்றாண்டு வேலைக்காகப் புரட்டியபோது, தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் சில பெயர்களுக்கு நேரே வெறுமனே 'மாநகர சபை' என்று எழுதியிருந்தது. என்ன வேலை என்று எழுதுவிக்கத் தாய்மார் விரும்பவில்லை. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்போடு நின்றார்கள் என்பதும் இடாப்பிலேயே இருக்கிறது. நின்றுவிடாமல் படித்து, ஆசிரியையாக, தாதியாக, கணக்காளராக ஆனவர்களும் இருக்கிறார்கள். இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். கையுறையும் சப்பாத்தும் இல்லாமல், கலந்து கட்டிய பைக்குள் கையைவிட்டு உடைந்த கண்ணாடியில் வெட்டுப்படுவது இன்றும் நடக்கிறது. பல்ப், பிளேட், ஊசி என்பவற்றைத் தனியாகத் தாளில் சுற்றிக் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லும்போது நாங்கள் நினைப்பது சுற்றாடலை அல்ல, அந்தக் கையை.

இனித் தீர்மானம்.

நூற்றாண்டு உணவு விழாவுக்கு நிறுவனம் ஒன்று, பெயர் வேண்டாம், எங்கள் பாடசாலைச் சின்னம் பொறித்த மூவாயிரம் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல்களை இலவசமாகத் தர முன்வந்திருக்கிறது. அத்துடன் புலமைப்பரிசில் நிதிக்கு ஒரு தொகையும். தொகை சிறியது அல்ல. நிதிச் செயலாளர் அக்கா இதை ஏற்க வேண்டும் என்கிறார், அவருடைய காரணமும் நியாயமானது: அந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கலாம் என்று அவர் கணக்குக் காட்டியிருக்கிறார். அந்தக் கணக்கை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒரே மாலையில் மூவாயிரம் போத்தல், ஒவ்வொன்றிலும் எங்கள் பள்ளிக்கூடச் சின்னம். அடுத்த நாள் காலையில் அதைப் பொறுக்கப் போகிறவர் யார்? அவற்றில் சில வாய்க்காலில் மிதக்கும்போது சின்னத்தை எல்லோரும் வாசிப்பார்கள்.

மாற்றாக நாங்கள் கேட்பது: அம்பத்தலையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை வடிகட்டி வைக்கும் பெரிய கொள்கலன்கள் ஆறு, வாடகைக்கு எவர்சில்வர் டம்ளர்கள், வாழையிலையில் சாப்பாடு. மைதானத்தின் நாலு மூலையிலும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் நிறப்படி தொட்டிகள்: உக்குவதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கு மண்ணிறம். ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருவர் நிற்பார்கள். நின்று பார்க்க ஆள் இல்லாத தொட்டியில் எல்லாமும் விழும் என்பது கடைகளில் நாங்கள் கற்றுக்கொண்டது. நிறுவனத்தாரிடம் போத்தலுக்குப் பதிலாக அந்தக் கொள்கலன்களைத் தாருங்கள் என்று கேட்போம். சம்மதித்தால் நிதியும் கிடைக்கும். சம்மதிக்காவிட்டால் குறையும் தொகையைக் கிளைச் சங்கங்கள், லண்டன், ரொறன்ரோ, சிட்னி, மூன்றும் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று இப்போதே கேட்கிறோம். இரண்டு கிளைத் தலைவிகள் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். எங்களை நேராகப் பார்க்க மறுக்கிறார்கள் என்பதையும் கவனித்தோம்.

தீர்மானத்தின் இரண்டாம் பகுதிக்குப் பணம் தேவையில்லை. விழா முடிந்த அடுத்த நாள் காலையில் எங்கள் மைதானத்துக்கும் வெளி வீதிக்கும் வரப்போகும் மாநகரத் துப்புரவுத் தொழிலாளர்களை முதல் நாள் சாப்பாட்டுக்கே, குடும்பத்துடன், விருந்தினராக அழைக்க வேண்டும். அழைப்பிதழ் மற்றவர்களுக்குப் போகும் அதே அழைப்பிதழாக இருக்க வேண்டும்.

இரண்டு பகுதிகளையும் சேர்த்து ஒரே தீர்மானமாக முன்மொழிகிறோம். வழிமொழிபவர் கையை உயர்த்தித் தன் பெயரையும், பாடசாலையை விட்ட ஆண்டையும் செயலாளரிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.